இன்சூரன்ஸ் ஏஜென்சி எடுக்கும் முன்: ஒரு கம்பெனியா, பல கம்பெனியா?



வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரர்கள், கடைக்குப் பக்கத்தில் இன்னொரு வருமானம் தேடுபவர்கள், வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்க நினைக்கும் சகோதரிகள் எனப் பலர் இன்சூரன்ஸ் ஏஜென்சி எடுக்க யோசிக்கிறார்கள். முதலீடு தேவையில்லை, பத்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும் என்பதால் இந்த ஆர்வம் இயல்பானதுதான். ஆனால் கூப்பிடுகிறவர் யார் என்பதைப் பார்க்காமலேயே பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் மார்க்கக் கேள்வி. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985-ல் எடுத்த முடிவு, குறிப்பிட்ட பிரீமியம் வாங்கி நடத்தும் வணிகக் காப்பீடு கூடாது, பரஸ்பர உதவி அடிப்படையிலான காப்பீடு கூடும் என்பது. மலேசியாவில் 1984-லேயே தகாஃபுலுக்குத் தனிச் சட்டம் வந்தது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. இங்குள்ள ஆலிம்களிடையே, எந்த வகைக் காப்பீடு எந்த நிலையில் அனுமதிக்கப்படும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனவே ஆலிமிடம் போகும்போது “இன்சூரன்ஸ் கூடுமா?” என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள். வண்டிக்கான மூன்றாம் நபர் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, வட்டி கலந்த சேமிப்புப் பாலிசி என்று தனித்தனியாகக் கேளுங்கள். வாங்குவது ஒரு கேள்வி, அதை விற்றுக் கமிஷன் பெறுவது வேறு கேள்வி. இரண்டையும் கேட்க வேண்டும். வரும் பதிலைப் பொறுத்தே நீங்கள் எந்த வகை ஏஜெண்டாக வேண்டும் என்பதும் மாறும்.

இனி இரண்டு வழிகளுக்கு வருவோம். முதலாவது, கம்பெனியின் சொந்த ஏஜெண்ட். ஐஆர்டிஏஐ விதிப்படி இவர் ஒரே ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி, ஒரே ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனி, ஒரே ஒரு தனி மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஆகியவற்றுக்கு வேலை செய்யலாம். ஒரே துறையில் இரண்டு கம்பெனி வைத்துக்கொள்ள முடியாது. எல்ஐசி ஏஜெண்டாக இருப்பவர் தனியார் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் பாலிசியையும் விற்க முடியாது.

இரண்டாவது, பிஓஎஸ்பி எனப்படும் விற்பனையாளர். இந்த முறை 2015-ல் வந்தது. ஒரு புரோக்கர் நிறுவனத்தின் கீழ் பதிவு செய்துகொண்டால், அந்த நிறுவனம் விற்கும் பல கம்பெனிகளின் எளிய பாலிசிகளை விற்கலாம். மொபைலில் ஒரே வண்டிக்கு நான்கைந்து கம்பெனி விலையை வாடிக்கையாளருக்குக் காட்ட முடியும். இதைத்தான் ஊரில் “சுதந்திர ஏஜெண்ட்” என்று சொல்லி ஆள் சேர்க்கிறார்கள். அந்தச் சொல் முழு உண்மையில்லை. கம்பெனிக்குப் பதிலாக புரோக்கரோடு கட்டுப்பட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரே சமயத்தில் இரண்டு புரோக்கரிடம் பதிவு செய்யவும் முடியாது. சட்டத்தின் பார்வையில் ஏஜெண்ட் கம்பெனியின் ஆள், வாடிக்கையாளரின் ஆள் புரோக்கர் மட்டுமே. அந்தப் புரோக்கர் உரிமத்துக்குக் குறைந்தது 75 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அது எட்டாத தூரம்.

வருமானக் கணக்கு இரண்டிலும் வேறு வேறு. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு பாலிசிக்கும் இருந்த தனித்தனிக் கமிஷன் உச்சவரம்பு நீக்கப்பட்டுவிட்டதால், கம்பெனிக்குக் கம்பெனி தொகை மாறும். புரிவதற்காக ஒரு கணக்கு மட்டும் போடுவோம். வருடம் 20,000 ரூபாய் பிரீமியம் உள்ள ஆயுள் பாலிசிக்கு முதல் வருடம் 25 சதவீதம், பிறகு 5 சதவீதம் என்றால், முதலில் 5,000 ரூபாய், அதன்பின் பாலிசி ஓடும்வரை வருடம் 1,000 ரூபாய். 1,500 ரூபாய் பைக் பாலிசிக்கு 15 சதவீதம் என்றால் 225 ரூபாய். வருடம் 22,500 ரூபாய் வர நூறு பைக்காரர்களைப் பிடிக்க வேண்டும், அடுத்த வருடம் அதே நூறு பேரைத் தேதி தவறாமல் மறுபடியும் கூப்பிட வேண்டும். ஆனால் பைக்காரர் உங்களைத் தேடி வருவார், ஏனென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 1988 அவரைக் கட்டாயப்படுத்துகிறது. ஆயுள் பாலிசிக்கு நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

தேடிப் போவது எங்கே? பயிற்சி வகுப்பிலேயே “உங்களுக்குத் தெரிந்த நூறு பேர் பெயரை எழுதுங்கள்” என்பார்கள். அந்தப் பட்டியலில் சாச்சா, மாமி, மச்சான், பள்ளியில் பக்கத்து ஸஃபில் நிற்பவர் எல்லாரும் வந்துவிடுவார்கள். ஒரே கம்பெனியின் பாலிசி மட்டும் கையிலிருக்க, டார்கெட் முடிக்க மார்ச் மாதம் நெருக்கவும் செய்ய, ஆட்டோ ஓட்டும் மச்சானுக்கு 20 வருட சேமிப்புப் பாலிசியைத் தள்ளிவிடத் தோன்றும். மூன்றாம் வருடம் அவரால் கட்ட முடியாது. போட்ட பணத்தில் பெரும்பகுதி போகும், உறவும் போகும். என் அபிப்பிராயத்தில் ஏஜென்சி எடுப்பவர் பயப்பட வேண்டியது இதற்குத்தான், கமிஷன் குறைவதற்கு அல்ல.

இன்னொரு பழக்கம், “முதல் தவணையை நானே கட்டிவிடுகிறேன்” என்பது. கமிஷனில் பங்கு கொடுப்பது இன்சூரன்ஸ் சட்டம் 1938-ன் 41-வது பிரிவுப்படி குற்றம். வாங்குவதும் கூடாது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. அதைவிட மோசம், படிவத்தில் சர்க்கரை நோயை மறைத்து எழுதுவது. 45-வது பிரிவுப்படி மூன்று வருடத்துக்குள் அப்படி மறைத்தது தெரிந்தால் கம்பெனி க்ளெய்மை மறுக்க முடியும். அன்று இத்தாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வீட்டு வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அதற்காகக் கம்பெனி ஏஜெண்ட் வழி கெட்டது என்று ஒதுக்க வேண்டாம். பயிற்சியும், கிளை அலுவலகத்தின் துணையும், தெரிந்த பெயரின் நம்பிக்கையும் அங்கே உண்டு. எல்ஐசி ஏஜெண்டுகளுக்குப் பணிக்கொடை உச்சவரம்பு 2023-ல் 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. பொறுமையாக இருபது வருடம் உழைப்பவருக்குப் புதுப்பிப்புக் கமிஷன் ஓய்வூதியம் போலவே வரும். பிஓஎஸ்பிக்கு அப்படி எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சேமிப்புப் பாலிசி விற்க மனம் ஒப்பாதவர், வண்டிக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் மட்டும் என்று எல்லை போட்டுக்கொள்ள பிஓஎஸ்பி வழி வசதியானது. கம்பெனி வழியிலும் பொதுக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு மட்டும் எடுக்கலாம். அதற்கு மேலதிகாரியிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எந்த வழியானாலும், ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். விலகினால் பழைய பாலிசிகளின் புதுப்பிப்புக் கமிஷன் தொடருமா, அதற்கு எத்தனை வருடம் வேலை செய்திருக்க வேண்டும், மவுத்தானால் குடும்பத்துக்கு வருமா, வாடிக்கையாளர் விவரம் யாருக்குச் சொந்தம் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். பிஓஎஸ்பியாக இருந்தால் வாடிக்கையாளர் விவரம் புரோக்கரின் கணினியில்தான் இருக்கும். வெளியே வந்த மறுநாள் உங்கள் லாகின் வேலை செய்யாது. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற, பழைய கம்பெனி தரும் விலகல் சான்று வேண்டும். அதையும் எத்தனை நாளில் தருவார்கள் என்று கேட்டு வையுங்கள்.

கம்பெனி ஏஜெண்டுக்கு 25 மணி நேரப் பயிற்சியும் ஐசி-38 தேர்வும் உண்டு. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பிஓஎஸ்பிக்கு 15 மணி நேரப் பயிற்சி, தேர்வையும் சேரும் நிறுவனமே நடத்தும். இரண்டுக்கும் ஆதார், பான், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் தயாராக வைத்திருங்கள்.