சயான் கல்லூரியில் படித்த மேஜர்

அன்புள்ள மலருக்கு,

குடியரசு தினத்தன்று பள்ளியில் எந்தப் போர்வீரரைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டிருந்தாய். தொலைவில் தேட வேண்டாம். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13 அன்று இதே பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். எஸ்.ஐ.ஈ.எஸ். பள்ளியில் படித்து, சயானில் உள்ள எஸ்.ஐ.ஈ.எஸ். கல்லூரியில் 1968-இல் அறிவியல் பட்டம் வாங்கினார். உன் தாராவியிலிருந்து அந்தக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். அந்தக் காலத்து மாட்டுங்கா தமிழ் வீடுகளில் பிள்ளை பட்டம் வாங்கினால் வங்கி வேலை, ரயில்வே வேலை என்றுதான் பேச்சு போகும். இவர் ராணுவத்துக்குப் போனார்.

1972-இல் மகார் ரெஜிமெண்டில் அதிகாரியானார். இந்தப் பெயரை அவசரமாகத் தாண்டிவிடாதே. ஒடுக்கப்பட்ட மகார் சமூகத்தினரைப் படையில் சேர்ப்பதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அரசு நிறுத்தியிருந்தது. சுபேதார் ஒருவரின் மகனான அம்பேத்கர் அதை எதிர்த்து வாதாடினார். 1941-இல் மகார்களுக்கென இந்த ரெஜிமெண்ட் அமைந்தது. பின்னாளில் மற்றவர்களும் அதில் சேர்ந்தார்கள். தாராவியில் வளரும் பெண் இதைச் சொல்லாமல் யார் சொல்வது?

1987 ஜூலை 29-இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்க இலங்கைக்குப் போன நம் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. பரமேஸ்வரன் 8-ஆம் மகார் பட்டாலியனில் இருந்தார். நவம்பரில், யாழ்ப்பாணத்தில் உடுவிலுக்கு அருகே கந்தரோடையில் ஒரு வீட்டில் ஆயுதங்கள் இறக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. தேடிவிட்டுத் திரும்பும்போது அவருடைய பிரிவைப் புலிகள் மறைந்திருந்து தாக்கினார்கள். அவர் பதறாமல் தாக்கியவர்களைப் பின்பக்கமாகச் சுற்றி வளைத்தார். கைகலப்பில் ஒருவன் அவர் மார்பில் சுட்டான். அந்தத் துப்பாக்கியையே பறித்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை தம் வீரர்களுக்குக் கட்டளை சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று நவம்பர் 25. வயது 41. உனக்கு அது பெரிய வயதாகத் தோன்றும். என் வயதுக்கு வந்து பார், தெரியும்.

இனி, மேடைப் பேச்சுகளில் பலரும் விட்டுவிடும் பகுதி. எதிரே நின்று சுட்டவர்களும் தமிழர்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 21, 22 தேதிகளில், யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் மாண்டிருந்தார்கள். படையை அங்கே அனுப்ப டெல்லியில் எடுத்த முடிவு தவறு என்பதே என் கருத்து. அதனால் பரமேஸ்வரனின் துணிச்சல் குறைந்துவிடாது. அவர் துணிச்சலைக் காட்டி அந்த முடிவை நியாயப்படுத்தவும் முடியாது. இரண்டையும் ஒரே பேச்சில் சொல்வது உன் வயதுக்குக் கடினம்தான், ஆனாலும் உன்னால் முடியும்.

இறந்த பின் அவருக்குப் பரம்வீர் சக்ரா விருது அளித்தார்கள். அமைதிப்படையில் அதைப் பெற்றவர் இவர் ஒருவரே. 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கும் இவர் பெயரை வைத்தார்கள்.

ஐந்து நிமிடம்தான் தருவார்கள் என்றால் விருதையும் தீவையும் வெட்டிவிடு. கந்தரோடையையும் மருத்துவமனையையும் வெட்டாதே. ஆசிரியர் ஏன் என்று கேட்டால், என்னிடம் பேசச் சொல்.

அன்புடன்,
செம்பூர் மாமா