சிறு படகுகளின் நங்கூர மின்மோட்டார்களில் உப்பரிப்பும் அதன் தடுப்பும்

படகின் பாதுகாப்பு அதன் இயந்திரத்தை மட்டும் பொறுத்ததன்று. இயந்திரம் நின்றுபோன வேளையில் படகைப் பாறையில் மோதாமல் காப்பது நங்கூரமே. நங்கூரத்தை இறக்கவும் தூக்கவும் பயன்படும் மின்மோட்டார், படகின் முகப்பில் அலையும் தூறலும் மிகுதியாகப் படும் இடத்தில் அமைந்துள்ளது. ஆகவே, படகிலுள்ள மின்கருவிகளுள் உப்பரிப்புக்கு முதலில் இரையாவது பெரும்பாலும் இதுவே.

திருவனந்தபுரக் கரையின் இயல்பு

கடல் நீரில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். அதனுடன் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இதனினும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் விழிஞ்ஞம் போன்ற இடங்களில் மோட்டாரின் மீது படிந்த உப்பு உலர வாய்ப்பே அரிது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. அப்படகுகளின் கருவிகள் மிகுந்த ஈரமுள்ள பருவத்தில் இயங்காமல் கிடக்கின்றன. இயங்காத மோட்டாரே விரைவில் கெடும்.

அரிப்பு நிகழும் முறை

மோட்டார் இயங்கும்போது சூடேறி, உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. குளிரும்போது வெளியிலுள்ள உப்புக்காற்றை அது உள்ளிழுக்கிறது. ஆகவே, அலை நேரடியாகப் புகாத மோட்டாரிலும் ஈரம் சேர்கிறது. தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் தேய்ந்தால் கடல் நீரே இறங்கிவிடும்.

உள்ளே பல கேடுகள் விளைகின்றன. கார்பன் பிரஷ்ஷை அழுத்தும் வில்சுருள் துருப்பிடித்து வலுவிழக்கிறது; பிரஷ் தன் கூட்டில் இறுகிக்கொள்கிறது. நிலைக்காந்த மோட்டாரில் எஃகு உறைக்கும் காந்தத்திற்கும் இடையே துரு வளர்கிறது. துருவின் பருமன் இரும்பினும் பன்மடங்கு என்பதால், ஒட்டப்பட்ட காந்தம் பெயர்ந்து ஆர்மேச்சரில் சிக்கிவிடும். அலுமினிய உறையில் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் பொருத்தப்பட்டால், உப்புநீரின் வாயிலாக இரண்டும் ஒரு மின்கலமாகி அலுமினியம் கரைகிறது.

இணைப்புகளில் ஏற்படும் இழப்பையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட்டில் 1,000 வாட் பெற ஏறத்தாழ 83 ஆம்பியர் தேவை. பச்சை பூத்த ஒரு முனையில் 0.02 ஓம் தடை உண்டானால், 80 ஆம்பியரில் 1.6 வோல்ட் அங்கேயே வீணாகும். 128 வாட் வெப்பமும் தோன்றும். மோட்டார் திணறும், முனை கருகும். பலமுறை மோட்டார் மீது சுமத்தப்படும் பழி, உண்மையில் கம்பியின் முனையைச் சேர்ந்ததாகும்.

ஒரு தவறான எண்ணம்

படகின் அடிப்பாகத்தில் துத்தநாகத் தகடு இருப்பதால் எல்லா உலோகமும் காக்கப்படும் எனச் சிலர் கருதுகின்றனர். 1824இல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செப்புத் தகடுகளுக்காகக் கண்ட இம்முறை, காக்கும் உலோகமும் காக்கப்படும் உலோகமும் ஒரே நீரில் மூழ்கி, மின்தொடர்பும் பெற்றிருந்தால்தான் பயன்படும். தளத்தின் மேலுள்ள மோட்டாருக்கு அது உதவாது. பூச்சும், அடைப்பும், உலர்வுமே அதற்குக் காப்பு.

தடுப்பு முறைகள்

மோட்டாரை இயன்றவரை தளத்தின் கீழ், காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில் அமைக்க வேண்டும். உறையின் துருவை அறவே நீக்கி எபாக்சி முதற்பூச்சும் மேற்பூச்சும் இடுதல் நன்று. அலுமினியத்தில் திருகைப் பொருத்துமுன் காப்புப் பசை தடவ வேண்டும். ஈயம் பூசிய என்று வழக்கில் சொல்லப்படும், வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியே கடலுக்கு ஏற்றது. காடி மணம் வீசும் சிலிக்கோன் பசை அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிப்பதால், மின் இணைப்பருகே அதனை விலக்க வேண்டும்.

பயணம் முடிந்ததும் நன்னீரால் மெல்லக் கழுவுக. விசையுடன் நீரைப் பீய்ச்சுதல் சீலைத் தாண்டி நீரைச் செலுத்திவிடும். படகு ஓய்வில் இருப்பினும் மாதம் ஒருமுறை மோட்டாரை இயக்குக. பருவமழைக்கு முன்னும் பின்னும் பிரஷ், சீல், முனைகள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கடல்நீர் புகுந்த மோட்டாரை இயக்கிப் பார்ப்பது தவறு. பாட்டரி இணைப்பைத் துண்டித்து, பிரித்து, நன்னீரில் அலசி, மிதமான சூட்டில் உலர்த்தி, மின்காப்பைச் சோதித்த பின்னரே மின்சாரம் செலுத்த வேண்டும்.

நிர்வாகத்தின் பங்கு

காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும், 1957இல் கொச்சியில் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையமும் கடற்சூழலின் அரிப்பை ஆராய்ந்துள்ளன. அவ்வறிவு படகுத்துறை வரை சென்று சேர வேண்டும். கருவி வாங்கும் அலுவலர்கள் விலையை மட்டும் பாராது, நீர்த்தடுப்புத் தரத்தையும் உதிரிப் பாகங்கள் கிடைப்பதையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடுதல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத்தில் படகு மின்கருவிப் பராமரிப்பு இடம்பெறுதல் நலம். மோட்டார் பழுதுபட்டாலும் கையால் நங்கூரத்தை இயக்கும் வசதி ஒவ்வொரு படகிலும் இருத்தல் வேண்டும். பாறைக் கரையை நோக்கிக் காற்று தள்ளும் இரவில், சில ரூபாய் மதிப்புள்ள ஒரு சீலின் தேய்மானம் மனித உயிர்களுக்கே விலை பேசக்கூடும்.