மூக்கோரம் ஓடும் ரத்தக்குழாய்

மறைமலைநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அக்கா கல்யாணத்துக்குள் மூக்கை எடுப்பாக்கிக்கொள்ள, ஜெல் ஏற்றும் ஃபில்லர் ஊசி போடப்போகிறாயாம். ஏதோ ஒரு பார்லரில் பாதி விலைக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னார்களாம். உன் அம்மா போனில் சொன்னாள். மூக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. உன் முகம், உன் ஆசை. ஆனால் முப்பது வருஷம் கண் வார்டில் நர்ஸாக இருந்தவளால் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒரு காரியம் செய். பல்லை இறுகக் கடி. கன்னத்தின் பின்பக்கம் ஒரு தசை கெட்டியாகப் புடைக்கும். அதற்குச் சற்று முன்னால், தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு பல்லைத் தளர்த்து. துடிக்கிறதா? அந்த ரத்தக்குழாய் அங்கிருந்து வளைந்து வளைந்து வாயோரம் ஏறி, மூக்கோரமாகப் போய், கண்ணின் உள்மூலையை எட்டுகிறது. கண்குழிக்குள்ளிருந்து வெளியே வரும் கிளைகளோடு அங்கே சேர்ந்துகொள்கிறது. மூக்குத்தண்டிலும் புருவ நடுவிலும் ஓடுவது இந்த வலைதான்.

ஊசிமுனை தவறி அந்த வலையின் ஒரு குழாய்க்குள் நுழைந்துவிட்டால், சிரிஞ்சை அழுத்துகிற வேகம் ரத்த அழுத்தத்தை மீறி ஜெல்லை எதிர்த்திசையில் கண்குழி வரை தள்ளிவிடும். அழுத்தம் விட்டதும் ரத்தம் மறுபடி முன்னோக்கிப் பாயும். நடுவழியில் நிற்கும் ஜெல்லை விழித்திரைக்குப் போகும் குழாய்க்குள் அடித்துக்கொண்டு போய் அடைத்துவிடும். வாய்க்கால் சேற்றை மேட்டுப்பக்கம் தள்ளிவிட்டு மண்வெட்டியை எடுத்தால், வருகிற தண்ணீர் அதைப் பக்க மடைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்குமே, அப்படி. புருவ நடுவிலிருந்து கண்குழியின் அடிவரை ஓடும் குழாய் கொள்ளும் அளவு சராசரியாக 0.085 மில்லி என்று அளந்திருக்கிறார்கள். ஒரு சிரிஞ்சில் வழக்கமாக இருப்பது 1 மில்லி.

இது அபூர்வமாகத்தான் நடக்கிறது. 2015-இல் கனடாவைச் சேர்ந்த டாக்டர் கேட்டி பெலஸ்னேயும் அவருடன் இருந்தவர்களும் உலகெங்கும் மருத்துவ இதழ்களில் பதிவானவற்றைத் தேடி, ஃபில்லரால் பார்வை பாதித்தவர்கள் 98 பேரைக் கணக்கெடுத்தார்கள். அடுத்த சில வருஷங்களில் இன்னும் 48 பேர் சேர்ந்தார்கள். அந்த 48-இல் பாதிக்கு மேல் மூக்கில் ஊசி போட்டவர்கள். முழுப் பார்வை திரும்பியது 10 பேருக்குத்தான்.

ஃபில்லரில் பெரும்பாலும் இருப்பது ஹையலூரானிக் அமிலம். 1934-இல் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். கண்புரை ஆபரேஷனில் அந்த வகை ஜெல்லை நானே எத்தனையோ தடவை டாக்டர் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கண்ணுக்குள் உதவுகிற பொருள், கண்ணுக்குப் போகும் குழாயில் சிக்கினால் பார்வையைப் பறிக்கிறது.

அப்படி நடந்தால் பெரும்பாலும் ஊசி போடும்போதோ போட்டவுடனேயோ தெரிந்துவிடும். ஒரு கண் இருளும். கண்ணில் வலி, தலைவலி, குமட்டல் வரலாம். இமை தொங்கலாம், பொருள் இரண்டாகத் தெரியலாம். மூக்கின் தோல் வெளுத்தோ திட்டுத்திட்டாகக் கறுத்தோ போனாலும் ஆபத்துதான். "படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதே. விழித்திரை தாங்கும் நேரம் சுமார் 90 நிமிடம் என்பார்கள்; அதற்கும் குறைவு என்று சொல்கிறவர்களும் உண்டு. இங்கிருந்து எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு மின்சார ரயிலில் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உடனே 108-ஐக் கூப்பிட்டு, கண் டாக்டர் இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நமக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கிறது.

அந்த ஜெல்லைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்று ஒரு மருந்து உண்டு. அதைக் கையில் வைத்திருக்காதவரிடம் முகத்தைக் கொடுக்காதே. போட்டால் தோல் மருத்துவம் படித்த டாக்டரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோதான். போடுவதற்கு முன் இரண்டு கண்ணின் பார்வையையும் தனித்தனியாகச் சோதித்து எழுதிவைப்பாரா, ஏதாவது ஆனால் எந்தக் கண் டாக்டரிடம் அனுப்புவார் என்று கேள். கேட்க வெட்கப்படாதே, இந்தக் கேள்விக்கு நல்ல டாக்டர் யாரும் கோபிக்க மாட்டார். பெட்டியில் அச்சிட்ட பெயரையும் காலாவதித் தேதியையும் உன் எதிரில் பிரிக்கும்போதே படித்துப் பார். பாதி விலை மருந்தில் என்ன கலந்திருக்கிறதோ, அது ஹையலூரானிக் இல்லையென்றால் கரைக்கும் மருந்தும் பலிக்காது.

பார்லரில் முன்பணம் கட்டியிருந்தால் போகட்டும், நான் தருகிறேன். டாக்டரிடம் போவதென்று முடிவு செய்தால் சனிக்கிழமையாகப் பார்த்து நேரம் வாங்கு. நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா