சுமை தூக்குவோருக்கு நேரும் தசைக் காயமும் அதை அறிவிக்க வேண்டிய முறையும்

அறுவடைக்குப் பிந்திய மாதங்களில் விற்பனைச் சங்கத்தின் கிடங்கில் வேலை மும்முரமாக நடைபெறும். வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்குவதும், தராசில் ஏற்றுவதும், அட்டி போடுவதும், லாரி வந்ததும் அவற்றையே மறுபடி எடுத்துக் கொடுப்பதுமாக, பொழுது விடிந்தது முதல் விளக்கேற்றும் வரையில் சுமை தூக்குவோருக்கு ஓய்வு கிடையாது. இவ்வேலையில் கையிலே கொக்கி குத்தினால் இரத்தம் வருகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள், குமாஸ்தா மருந்துப் பெட்டியைத் தேடுகிறார். மூட்டையை முதுகில் வாங்கும் சமயத்தில் இடுப்பிலே சுரீரென்று ஒரு வலி உண்டானால் அதை அந்த ஆளைத் தவிர வேறெவரும் அறிவதில்லை. அவரும் சற்று நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பிடிப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுகிறார். மறுநாள் காலையில் பாயைவிட்டு எழுந்திருக்க முடிவதில்லை. மூன்றாம் நாள் அவர் தம்பி கிடங்குக்கு வந்து விஷயத்தைச் சொல்லும்போது, "முந்தாநாள் நன்றாகத்தானே வேலை செய்தான், வீட்டில் எங்கேயாவது விழுந்திருப்பான்" என்ற பதில் கிடைக்கிறது. இப்பதிலைச் சொல்பவர் கெட்டவர் என்பதற்கில்லை. எழுத்து மூலமாக அவரிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவே.

தனி மண்டியில் இது முதலாளிக்கும் ஆளுக்கும் உள்ள விவகாரம். சங்கத்திலோ முதலாளி ஸ்தானத்தில் இருப்பவர்கள் அங்கத்தினர்களே. பஞ்சாயத்தார் அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். காரியதரிசி அவர்களுடைய காரியத்தைப் பார்ப்பவர். மேலும் மூட்டை தூக்குபவர் அநேகமாக அதே கிராமத்தார்; சில சமயம் சங்கத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவராகவும் இருப்பார். ஆகவே இவ்விஷயத்தை இரு பக்கத்திலிருந்தும் தெரிந்துகொள்ளுதல் அங்கத்தினர்களுக்கு அவசியமாகிறது.

முதலில் உடம்பில் நேர்வது இன்னதென்று பார்க்கலாம். தசை என்பது மெல்லிய இழைகள் பல சேர்ந்த கட்டு. தாங்க முடியாத பாரம் திடீரென்று அதன்மேல் விழுந்தால் இழைகளில் சில நைந்துபோகின்றன, அல்லது அறுகின்றன. குனிந்து தூக்கும்போது இடுப்பின் தசைகள் படும் பாட்டைப் பழைய தூக்குக்கோலைக் கொண்டு எளிதில் விளக்கலாம். அக்கோலில் பிடிகயிற்றுக்கு எட்டத் தள்ளி வைத்த சிறு படிக்கல், பிடிகயிற்றின் அருகே தொங்கும் பெருஞ் சரக்கைச் சமனாக்கிவிடும். நம் உடம்பில் இக்கணக்குத் தலைகீழாக அமைந்திருக்கிறது. முதுகுத் தசைகள் முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செண்டிமீட்டர் தூரத்திலிருந்தே இழுக்கின்றன. கையிலுள்ள பாரமோ எட்டத் தொங்குகிறது. 20 கிலோ பாரத்தை முதுகெலும்பிலிருந்து 50 செண்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அதற்கு ஈடு கொடுக்கத் தசைகள் 200 கிலோவுக்குச் சமமான பலத்துடன் இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் பாரம் இதில் சேராது. அதே பாரத்தை உடம்போடு அணைத்துப் பாதித் தூரத்தில் பிடித்தால் இழுப்பும் பாதியாகிறது. இதனால்தான் அநுபவமுள்ள ஆள் மூட்டையை மார்போடு சேர்த்தெடுக்கிறார். அட்டியின் பின்வரிசை மூட்டையை எட்டி இழுக்கும்போது அவருக்கும் பிடித்துக்கொள்கிறது. தூக்கியபடியே இடுப்பைத் திருப்புவது இன்னும் கெடுதல். வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ம் வருஷத்தில் சிபார்சு செய்தது. நெல்லை 75 கிலோ சாக்கில் பிடிக்கும் வழக்கமுள்ள இடங்களில் இதை நினைவில் வைப்பது நன்று.

பழகாத வேலையைச் செய்தவருக்கு மறுநாள் இரு தோளும் இரு தொடையும் ஒருங்கே வலிப்பது காயமன்று. இரண்டு மூன்று நாட்களில் அது தானே அடங்கும். ஒரே இடத்தில், ஒரு குறித்த செயலின்போது, திடீரென்று கண்ட வலியே காயத்தின் அடையாளம். அது முதலில் சிறிதாயிருந்து, உள்ளே வீக்கம் காணக் காண இரவில் அதிகப்படுவதுண்டு. 'இன்னொரு மூட்டை தூக்கிப் பார்ப்போம்' என்று சோதிப்பதைப் போன்ற தவறு வேறில்லை. நைந்த இழை அறுவது பெரும்பாலும் அந்த இன்னொரு மூட்டையில்தான்.

வலி கண்டதும் பாரத்தை இறக்கி வேலையை நிறுத்திவிட வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கால்மணி நேரம் வைக்கலாம், வலி குறையும். ஆனால் அதையே சிகிச்சை என்று நினைத்து நாள் முழுவதும் வைத்திருக்கலாகாது. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-ல் ஒரு சூத்திரமாகச் சொன்ன அமெரிக்க வைத்தியர் மிர்க்கின் என்பவரே, பனிக்கட்டியால் குணமாவது தாமதப்படலாம் என்று பிற்காலத்தில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். நமது கிராமங்களில் உடனே சுளுக்கு எடுப்பவரை அழைத்து, எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்வது வழக்கம். தேய்ப்பவர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். எனினும் உள்ளே இழை அறுந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களில் அழுத்தித் தேய்ப்பது கசிவை அதிகப்படுத்தும். வலிமாத்திரையை விழுங்கிவிட்டு மூட்டை தூக்கப் போவதும் இத்தகையதே. வலி மறைகிறதேயன்றிக் காயம் மறைவதில்லை.

படுக்கை விஷயத்தில் மட்டும் பழைய கருத்து அடியோடு மாறிவிட்டது. இடுப்பு வலிக்காரரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைக்கும் வழக்கம் முன்னே வைத்தியர்களிடமே இருந்தது. 1986-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனையில், இரண்டு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்கள் ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களுக்குச் சமமாகவே குணமடைந்து, அவர்களைவிட முன்னதாக வேலைக்கும் திரும்பினார்கள். 1995-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி நகரசபைச் சிப்பந்திகளிடம் நடத்திய பரிசோதனையில், படுக்காமல் வலி பொறுத்த அளவில் வழக்கமான காரியங்களைச் செய்துவந்தவர்களே அதிக நன்மை அடைந்தார்கள். ஆதலால் ஓய்வு என்பது மூட்டைக்கு ஓய்வு, நடைக்கு ஓய்வன்று. ஆனால் காலில் பலம் குறைந்தாலும், மூத்திரம் அடைபட்டாலும், மலஜலம் அறியாமற் போனாலும், தொடை இடுக்கிலும் ஆசனப் பக்கத்திலும் மரத்துப்போனாலும், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அது தசையின் காயமன்று; நரம்பு நசுங்குவதன் அறிகுறி. அதில் ஒரு நாள் தாமதமும் ஆயுள் முழுவதற்கும் நஷ்டமாகக்கூடும்.

இனி அறிவிப்பு விஷயம். விழாமலும் அடிபடாமலும், தன் வேலையைச் செய்யும்போதே உண்டான பிடிப்பை 'விபத்து' என்று சொல்லலாமா என்ற சந்தேகம் புதிதன்று. இங்கிலாந்தில் கால்நடைத் தீனி செய்யும் ஆலையொன்றில், இறுகிப்போன சக்கரத்தைப் பலங்கொண்டு திருப்பிய தொழிலாளி ஒருவருக்குக் குடலிறக்கம் உண்டாயிற்று. அவர் வழுக்கவுமில்லை, விழவுமில்லை. ஆகவே விபத்தில்லை என்று வாதிக்கப்பட்டது. பிரபுக்கள் சபை 1903-ல் அவ்வாதத்தைத் தள்ளி, எதிர்பாராமல் நேர்ந்த கேடு விபத்தே என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டுச் சட்டத்தைப் பின்பற்றியே இந்தியாவில் 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. 2009-ம் வருஷத் திருத்தத்தில் அதன் பெயர் மாறிற்று. பின்னர் 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் விதிகளைப் பெரும்பாலும் தன் ஏழாம் அத்தியாயத்தில் எடுத்துக்கொண்டு, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. 1948-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட தொழிலாளர் இன்ஷூரன்ஸில் சேர்ந்துள்ளவர்களுக்கு வழி வேறு. அவர்கள் அந்த ஆபீஸ் மூலமாகவே உதவி பெற வேண்டும்.

வேலை செய்ய முடியாத நிலை எத்தனை நாளைக்கு மேற்பட்டால் நஷ்டஈடு உண்டு என்பதில் 1923-ல் 10 நாள் என்றிருந்தது. 1933-ல் 7 நாளாயிற்று. 1959-ல் 3 நாளாகக் குறைந்தது. தற்காலிகமாக வேலையிழந்தவருக்கு மாதச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு அரைமாதத்திற்கு ஒரு முறை கொடுக்கப்பட வேண்டும். மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்தவருக்கு அரைமாதத்திற்கு 3,000 ரூபாய் என்று கொள்க. வேலையில்லாத காலம் 28 நாளாவது நீடித்தால் முதல் நாள் முதற்கொண்டு கணக்கு. அதற்குக் குறைந்தால் முதல் மூன்று நாள் கழிக்கப்படும். வைத்தியச் செலவையும் முதலாளி தர வேண்டுமென்று 2009-ம் வருஷத் திருத்தமும், வேலைக்குச் சேரும்போதே இவ்வுரிமைகளை ஆளுக்குத் தெரிந்த பாஷையில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுமென்று 2017-ம் வருஷத் திருத்தமும் கூறின.

மேஸ்திரி மூலம் வந்த ஆளுக்குச் சங்கம் பொறுப்பல்ல என்று சில பஞ்சாயத்தார் நினைப்பதுண்டு. அது சரியன்று. சங்கத்தின் தொழிலில் வழக்கமாக நடைபெறும் வேலையை மேஸ்திரிக்கு ஒப்பந்தம் விட்டிருந்தாலும், காயமடைந்தவர் சங்கத்தினிடமே நஷ்டஈடு கேட்கலாம். சங்கம் பின்னர் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம். தன் நெல்லைத் தானே வண்டியிலிருந்து இறக்கும் அங்கத்தினர் நிலைமை வேறு. அவர் சங்கத்தினிடம் கூலி பெறாதவராகையால் இச்சட்டம் அவருக்கு உதவாது. அவர் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அறிவிப்புக்குக் கடினமான நடை தேவையில்லை. காயமடைந்தவரின் பெயர், விலாசம், காயத்தின் காரணம், நேர்ந்த தேதி ஆகியவற்றைச் சாதாரணப் பேச்சில் எழுதினாற் போதும் என்று 1923-ம் வருஷத்துச் சட்டமே சொல்லிற்று. கூடிய சீக்கிரத்தில் கொடுக்க வேண்டும் என்பதே முக்கியம். காரியதரிசியிடமோ, கிடங்கின் பொறுப்பாளரிடமோ நேரில் கொடுக்கலாம். ரிஜிஸ்தர் தபாலிலும் அனுப்பலாம். எழுதத் தெரியாதவர் சொல்ல, குமாஸ்தா எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கலாம். சங்கங்கள் இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பது உத்தமம். பூட்டிய அலமாரியில் வைக்காமல், தராசுக்கருகே எல்லோரும் எடுக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். அதில் எழுத வேண்டிய மாதிரி வருமாறு:

"தை மாதம் 14-ம் தேதி காலை சுமார் 10 மணிக்கு, இரண்டாம் நம்பர் கிடங்கில், ஏழாவது அடுக்கிலிருந்து 75 கிலோ நெல் மூட்டையை இறக்கி முதுகில் வாங்கித் திரும்புகையில் இடது பக்க இடுப்பில் திடீரென்று வலி கண்டது. உடனே மூட்டையை இறக்கிவிட்டார். அருகில் எடைக்காரரும் இன்னொரு சுமைக்காரரும் இருந்தனர். வேலை நிறுத்தப்பட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார்."

'இடுப்பு வலி என்று சொன்னார்' என எழுதிய வரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். முந்தியது எவருக்கும் எங்கும் வரக்கூடிய வலி. பிந்தியதில் இடம், நேரம், பாரம், செயல், சாக்ஷி எல்லாம் இருக்கின்றன. டாக்டரிடமும் இதேபோல நடந்ததைச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு 'ரொம்ப நாளாக வலி' என்று சொல்லிவிட்டால் வெளிநோயாளிச் சீட்டில் அதுவே ஏறும். பிறகு தொழிலாளர் இலாகாவில் விசாரணை வரும்போது அச்சீட்டே அவருக்கு எதிராக நிற்கும். முதலாளி தம் செலவில் டாக்டரைக் கொண்டு பார்க்கச் சொன்னால் ஆள் மறுக்கலாகாது; மறுத்தால் அவர் உரிமை அதுவரை நிறுத்திவைக்கப்படும்.

நோட்டுப் புத்தகம் வைத்தால் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவர்களும் எழுதிவைப்பார்களே என்று காரியதரிசிகள் சிலர் ஆட்சேபிக்கிறார்கள். அப்படி நடக்காதென்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கே எழுதப்பட்டதை அன்றைக்கே விசாரிக்கலாம்; மூட்டையும் அட்டியும் சாக்ஷிகளும் அங்கேயே இருப்பார்கள். மூன்று வாரம் கழித்து வாய்மொழியாக வரும் கோரிக்கையைத்தான் மெய்யென்றும் பொய்யென்றும் காண முடியாது. உண்மையில் எழுதத் தயங்குபவர் கள்ளர் அல்லர். நாட்கூலி போய்விடுமென்றும், 'இவன் பலமில்லாதவன்' என்று மேஸ்திரி அடுத்த நாள் கூப்பிடமாட்டார் என்றும் பயப்படுகிறவரே. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது பஞ்சாயத்தாரின் பொறுப்பு. காயமடைந்த அன்றைய கூலியை முழுவதும் கொடுப்பதென்று ஒரு தீர்மானம் செய்தால் பெரும்பாலோர் அன்றே வந்து சொல்லுவார்கள்.

நடமாடத் தொடங்கியதும் அவரைச் சாக்குவாய் தைக்கவும், எடைச்சீட்டு எண்ணவும் சில நாள் வைத்துக்கொள்ளலாம். பிறகு சிறு பாரங்களில் தொடங்கிப் படிப்படியாகப் பழைய வேலைக்கு வரட்டும். முதல் நாளே ஏழாவது அடுக்குக்கு ஏற்றலாகாது.

மாதாந்தரக் கூட்டத்தில் வரவுசெலவு படித்த பின் இந்த நோட்டுப் புத்தகத்தையும் பஞ்சாயத்தார் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரே அறுவடைக் காலத்தில் மூன்று பேருக்கு ஒரே பலகையின்மேல் ஏறும்போது காயம் நேர்ந்திருந்தால், அப்பலகை செங்குத்தாக இருக்கிறதென்று பொருள். நீளமான பலகையாக வாங்கி மாற்றவும், அட்டியின் உயரத்தை இரண்டு அடுக்குக் குறைக்கவும் அக்கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிடலாம். செலவைக் கிடங்குப் பராமரிப்புக் கணக்கில் காட்டலாம்.