ஜெட் விமானத்தில் ஏறுவேகம்: பயனுள்ள குறிப்புகள்

பைலட் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் ஓட்டுபவர்களுக்கும்.

1. குறைந்த தூரத்துக்குள் அதிக உயரம் வேண்டுமா? அது வி-எக்ஸ். குறைந்த நேரத்துக்குள் வேண்டுமா? அது வி-ஒய். எதிரே மலை இருந்தால் முன்னது. இத்தனை நிமிடத்தில் இந்த உயரத்தைத் தொட வேண்டும் என்றால் பின்னது.

2. செஸ்னாவில் படித்ததை அப்படியே ஜெட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். செஸ்னா 172எஸ் விமானத்துக்குக் கடல்மட்டத்தில் வி-எக்ஸ் 62 நாட், வி-ஒய் 74 நாட். இடைவெளி வெறும் 12. பெரிய ஜெட்டில் இது பல மடங்கு விரியும். காரணம் எஞ்சின்தான். புரொப்பெல்லர், வேகம் கூடக்கூட உந்துவிசையை இழக்கும். ஜெட் எஞ்சினின் உந்துவிசை அவ்வளவாக மாறாது. ஆகவே இழுவை எங்கே மிகக் குறைவோ அங்கேதான் மிச்ச உந்துவிசை அதிகம், அதுவே வி-எக்ஸ். அதைத் தாண்டி வேகம் கூட்டினால் இழுவை முதலில் மெதுவாகத்தான் ஏறும். கோணம் சற்றுக் குறைந்தாலும் வேகம் அதை ஈடுகட்டிவிடும்.

3. இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் மறக்காது. ஒரு நாட் என்பது நிமிடத்துக்குச் சுமார் 101 அடி. 200 நாட்டில் 10 சதவீத ஏற்றம் என்றால் நிமிடத்துக்கு 2,020 அடி. 280 நாட்டில் ஏற்றம் 8 சதவீதம்தான் என்றாலும் 2,260 அடி வந்துவிடும். (எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.)

4. ஏர்பஸ் ஏ320 ஓட்டினால் திரையின் வேகப் பட்டையில் பச்சைப் புள்ளியைத் தேடுங்கள். ஃபிளாப்பெல்லாம் உள்ளே போனபின் நடைமுறையில் அதுதான் வி-எக்ஸ். பைலட்டுகளின் கைக்கணக்கு: டன் எடையை இரண்டால் பெருக்கி 85 கூட்டுங்கள். 60 டன்னுக்கு 205 நாட். 20,000 அடிக்கு மேல் ஆயிரம் அடிக்கு ஒரு நாட் சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஏ320-களில் இருக்கும் 'எக்ஸ்பெடைட்' பொத்தானை ஏறும்போது அழுத்தினாலும் விமானம் இந்தப் பச்சைப் புள்ளிக்கே போகும். அவசரப் பொத்தான் வேகத்தைக் குறைப்பது புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

5. வி-எக்ஸுக்குக் கீழே போய் மூக்கைத் தூக்காதீர்கள். மலை நெருங்கும்போது கை தானாகப் பின்னால் இழுக்கும். இழுத்தால் வேகம் விழும், இழுவை கூடும், ஏற்றம் குறையும்.

6. எதிர்க்காற்று, தரையை வைத்துப் பார்க்கும் ஏறுகோணத்தைக் கூட்டும், பின்காற்று குறைக்கும். நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை நிலையான காற்று மாற்றாது.

7. வி-2 வேறு கணக்கு. புறப்படும்போது ஒரு எஞ்சின் நின்றால் பிடிக்க வேண்டிய பாதுகாப்பு வேகம் அது. சக்கரங்கள் உள்ளே போனபின், இரட்டை எஞ்சின் விமானம் ஒரே எஞ்சினில் 2.4 சதவீதமாவது ஏற வேண்டும் என்பது விதி.

8. மேலே போகப் போக வி-எக்ஸும் வி-ஒய்யும் நெருங்கும். இனி ஓர் அடிகூட ஏற முடியாத உச்சவரம்பில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

9. அன்றாடப் பயணிகள் விமானம் பெரும்பாலும் இரண்டிலும் பறப்பதில்லை. பல நாடுகளில் 10,000 அடிவரை 250 நாட் வரம்பு. அதன்பின் எரிபொருள் செலவையும் நேரச் செலவையும் எடைபோட்டு, வழக்கமாக வி-ஒய்யைவிடக் கூடுதலான வேகத்தைக் கணினி தேர்ந்தெடுக்கும். இருக்கையிலிருந்தே இதை உணரலாம்: புறப்பட்ட சில நிமிடங்களில் மூக்கு சற்றுத் தாழ்ந்து, ஏற்றம் தளர்ந்தால், விமானம் அந்த 10,000 அடியைத் தாண்டி வேகம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.