கெபுஜியான்: சான்றிதழில் ஒரு சொல்

பட்டமளிப்பு விழா என்றதும் அங்கியும் தொப்பியும் பூச்செண்டும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சான்றிதழில் 'டெங்ஙான் கெபுஜியான்' என்று அச்சாகும் சொற்களின் பொருளை நம்மில் பலர் இறுதியாண்டில்தான் தேடுகிறோம். நானும் அப்படித்தான்.

நான் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு கண்ட தென்னமரம் தோட்டமும் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. அப்பா இன்றும் குலை வெட்டுகிறார். மூத்த மாணவி ஒருவரின் சான்றிதழ் நகலைக் காட்டியபோது, "ஏம்மா, உன் எஸ்.பி.எம்.ல கணக்குக்குப் பக்கத்துலயும் இதே சொல்லுதானே இருந்துச்சு?" என்றார்.

அவர் கேட்டது நியாயமே. எஸ்.பி.எம்.மில் பி, சி நிலைகளுக்குத்தான் கெபுஜியான் என்று பெயர். பல்கலைக்கழகத்திலோ அது ஹானர்ஸ் பட்டத்தைக் குறிக்கிறது. அதற்குள்ளும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மேல்நிலை, கீழ்நிலை, மூன்றாம் வகுப்பு என்ற பிரிவுகள் உண்டு. பிரிட்டிஷ் கல்விமுறை விட்டுச் சென்ற வழக்கம் இது. வகுப்பை முடிவு செய்வது சி.ஜி.பி.ஏ. எனப்படும் ஒட்டுமொத்தத் தரப்புள்ளி. முதல் வகுப்புக்கு 3.67 போதும் என்னும் பல்கலைக்கழகங்களும் உண்டு, 3.75 கேட்பவையும் உண்டு. நான் பயில்வது இரண்டாம் வகையில்.

தம்பி தங்கைகள் இங்கே சற்று நின்று படிக்க வேண்டும். 4 கிரெடிட் பாடத்தில் சி, அதாவது 2.00. 2 கிரெடிட் பாடத்தில் ஏ, அதாவது 4.00. சராசரி 3.00 அன்று, 16ஐ 6ஆல் வகுக்க 2.67 மட்டுமே. இதை விளக்கியதும் அப்பா உடனே புரிந்துகொண்டார். இளமரத்துக் குலையும் முதுமரத்துக் குலையும் எண்ணிக்கையில் ஒன்றுதான், தராசில் ஒன்றல்ல.

தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் ஒவ்வொரு பெருந்தேர்வும் பழைய தேர்வை மறக்கடித்துவிட்டது. யு.பி.எஸ்.ஆர். முடிவை எஸ்.பி.எம்.முக்குப் பின் யார் கேட்டார்கள்? அந்த நினைப்பில்தான் முதல் பருவத்தைக் கழித்தேன். ஆங்கிலத்தில் நடந்த விரிவுரைகள் பாதிதான் விளங்கின, கேட்கக் கூச்சம். 2.90 கிடைத்தது. அடுத்த நான்கு பருவங்களில் சராசரி 3.80, டீன் பட்டியலிலும் பெயர் வந்தது. ஆனால் டீன் பட்டியல் அந்தந்தப் பருவத்துக்கு மட்டுமே உரிய பாராட்டு.

பருவத்துக்கு 20 கிரெடிட் வீதம் இப்போது என் கணக்கு 3.62. ஆறாம் பருவத்தில் முழுப்புள்ளி எடுத்தாலும் 3.68தான். 3.75ஐத் தொட அப்பருவத்தில் 4.40 வேண்டும், அப்படியொரு புள்ளியே கிடையாது.

இதில் பெருமை மட்டும் போகவில்லை. முதல் வகுப்பில் தேறுவோர், குடும்ப வருமானம் முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிடிபிடிஎன் கல்விக் கடனிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நான் மாதத் தவணை கட்ட வேண்டும்.

"இரண்டாம் வகுப்பு மேல்நிலைதான்பா கிடைக்கும்" என்று வீட்டில் சொன்னேன். "எத்தனை வருசம் கட்டணும்?" என்று மட்டும் கேட்டார் அப்பா.