பிரேக் மிதி உணர்த்தும் செய்தி

பால்மரம் சீவுபவரின் கை, கத்தி மழுங்கியதைக் கண் காணும் முன்னரே உணர்ந்துவிடும். பட்டையில் கத்தி செல்லும் விதமே அதனைப் புலப்படுத்திவிடும். வாகனம் ஓட்டுபவரின் காலுக்கும் அத்தகைய அறிவு உண்டு. பிரேக் முற்றிலும் பழுதுபடுமுன், பெரும்பாலும் மிதியின் வழியாக முன்னறிவிப்புத் தருகிறது. அதனைப் புரிந்துகொள்ளும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

தோட்டங்களில் வாழும் நம் மக்கள் பலர் சொந்தமாகக் கார் வைத்துள்ளனர். அவற்றுட் பல, பிறர் ஓட்டிய பழைய கார்கள். பள்ளிப் பிள்ளைகளும் முதிய பெற்றோரும் அவற்றில்தான் பயணம் செய்கின்றனர். ஆகவே இது பட்டறைக்காரர் மட்டும் அறிய வேண்டிய செய்தியன்று.

பிரேக் இயங்கும் விதம்

மிதியை அழுத்தும்போது மாஸ்டர் பம்ப், குழாய்களில் உள்ள பிரேக் எண்ணெயை அழுத்துகிறது. அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கினார். அவ்விதியின்படியே நம் காலின் அழுத்தம் சக்கரங்களைச் சென்றடைகிறது. நல்ல மிதி சிறிது இறங்கியதும் உறுதியாக நிற்கும்.

மிதியின் குறிகள்

1. மிதி பஞ்சுபோல் மென்மையாக இருத்தல்: குழாயில் காற்று புகுந்துள்ளது எனக் கருதலாம். எண்ணெய் சுருங்குவதில்லை, காற்றோ சுருங்கும். அதனால் காலின் அழுத்தம் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது.

2. அழுத்திப் பிடித்திருக்கையில் மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்குதல்: எண்ணெய் வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் பம்பின் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. இது மிகவும் ஆபத்தான குறி.

3. மிதி கல்போல் கடினமாக இருத்தல்: காலுக்குத் துணைபுரியும் பூஸ்டரோ, எஞ்சினிலிருந்து அதற்குச் செல்லும் குழாயோ பழுதாகியிருக்கலாம்.

4. மிதி காலின் கீழ் அதிர்தல்: டிஸ்க் அல்லது டிரம் சீராகத் தேயவில்லை என்பது பொருள். ஆயினும், ஏ.பி.எஸ். பொருத்திய கார்களில் திடீரெனப் பலமாக மிதிக்கையில் ஏற்படும் துடிப்பு இயல்பானதே. அப்போது காலை எடுத்தல் கூடாது.

5. கார் ஒரு பக்கமாக இழுத்தல்: ஒரு சக்கரத்தின் பிரேக் இறுகியிருக்கலாம், எண்ணெய் பட்டு வழுக்கலாம். முதலில் டயர்க் காற்றைச் சரிபார்த்தல் நன்று.

வீட்டு வாசலில் ஒரு சோதனை

காரைச் சமதரையில் நிறுத்திக் கைப் பிரேக்கை இழுத்துவிடுக. கியர் எதிலும் இருத்தல் வேண்டா. எஞ்சினை அணைத்து, மிதி கடினமாகும்வரை நான்கைந்து முறை மிதிக்க. பின்னர் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க. மிதி இறங்கிக்கொண்டே போனால் கசிவு உண்டு. காலை எடுக்காமலே எஞ்சினை இயக்குக. மிதி சிறிதளவு தாழ்ந்து நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது. தாழாவிடில் அதனைச் சோதிக்க வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

எண்ணெயில் கவனம்

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 தர எண்ணெய்க்குப் புதிய நிலையில் விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அது 140 பாகையே. கேமரன் மலை போன்ற இடங்களிலிருந்து இறங்கும்போது இடைவிடாமல் மிதித்தால், சூட்டில் பழைய எண்ணெய் கொதித்து ஆவியாகும். அப்போது மிதி தரைவரை சென்றும் கார் நில்லாது. சரிவுச் சாலைகளில் 'குனா கியர் ரெண்டா' என்று எழுதியிருப்பது இதனாலேயே. தாழ்ந்த கியரில் எஞ்சினே வேகத்தைத் தடுக்கும்.

எண்ணெய் குறைந்ததென்று எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது பெருங்கேடு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிக் கெடும்; பிரேக்கின் ரப்பர் வளையங்களும் அவ்வாறே கெட்டு, பிரேக் முழுவதும் பாழாகும். மேலும், எண்ணெய் குறைவது பேட் தேய்ந்ததற்கோ கசிவுக்கோ அடையாளம். காரணம் அறியாமல் ஊற்றி நிரப்புவது நோயை மறைப்பதாகும்.

ஓடும்போது பிரேக் பிடிக்காவிடில்

மிதியை விரைந்து பலமுறை மிதிக்க. கியரைப் படிப்படியாகக் குறைக்க. கைப் பிரேக்கை மெல்ல மெல்ல இழுக்க. ஒரேயடியாக இழுத்தால் கார் சுழலும். எஞ்சினை அணைத்தல் ஆகாது. அணைத்தால் பூஸ்டரின் துணையும் விரைவில் நின்றுவிடும்.

முடிவாக ஒன்று. அதிர்வோ, லேசான இழுப்போ இருப்பின் மெதுவாக ஓட்டி விரைவில் பட்டறைக்குச் செல்லலாம். ஆனால் மிதி மென்மையானாலும், கீழே இறங்கினாலும், கல்லாய் இறுகினாலும், தேய்ந்த இரும்பு உராயும் ஓசை கேட்டாலும் காரை நகர்த்தாமல் பட்டறைக்காரரை வீட்டுக்கு அழைத்தலே முறை. சம்பள நாள் வரட்டும் என ஒத்திப்போடும் செலவு இதுவன்று. பிள்ளைகள் அன்று பஸ்ஸில் பள்ளிக்குச் செல்லட்டும்; பாதுகாப்பாக வீடு திரும்பட்டும்.